காற்று இருந்தும் மூச்சு இல்லை

மீனைக் கரையில் எடுத்துப் போட்டால் துடிதுடித்துச் செத்துப் போகிறது. ஏன் என்று குழந்தை கேட்டால், "தண்ணீரில் வாழ்கிற மீன் தண்ணீரில்தானே இருக்கும்!" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறோம். சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் பிராணவாயு இருக்கிறது. நம் ஊர்க் குளத்துத் தண்ணீரிலோ லிட்டருக்கு 6 மில்லிலிட்டர்கூடத் தேறாது. அப்படியானால் மீன் கரைக்கு வருவது, பஞ்சத்தில் அடிபட்டவன் கல்யாண விருந்துக்கு வந்த மாதிரி அல்லவா? விருந்தின் நடுவே அது ஏன் பட்டினி கிடந்து சாக வேண்டும்?

இதற்கு விடை உங்கள் கூந்தலிலேயே இருக்கிறது. கூந்தலை அண்டாத் தண்ணீரில் அமிழ்த்தினால் இழை இழையாகப் பிரிந்து மிதக்கும். வெளியே தூக்கியதும் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே திரியாகிவிடும். ஈரத்துக்கு இப்படி இழுத்து ஒட்டவைக்கும் குணம் உண்டு. மீனின் செவுளும் மெல்லிய இழைகளால் ஆனதுதான். தண்ணீரில் அது விசிறிபோல் விரிந்து நிற்கிறது. இழைகளுக்குள் ரத்தம் ஒரு பக்கமாகவும், வெளியே தண்ணீர் அதற்கு எதிர்ப்பக்கமாகவும் ஓடுவதால், சில மீன்கள் தண்ணீரிலுள்ள பிராணவாயுவில் நூற்றுக்கு 80 பங்கு வரை எடுத்துக்கொண்டு விடுகின்றன. நாமோ இழுக்கும் காற்றில் உள்ளதில் கால் பங்கைத்தான் எடுத்துக்கொண்டு, மற்றதைத் திரும்ப வெளியே விட்டுவிடுகிறோம். அத்தனை சமர்த்தான செவுள், கரைக்கு வந்ததும் ஈரக் கூந்தல்போல் ஒட்டிப் படிந்துவிடுகிறது. வாசல் மூடிக்கொண்டபின் வெளியே எவ்வளவு காற்று இருந்து என்ன பயன்?

ஈரம்தானே வினை, அது இல்லாமலே இருந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அதுவும் நடக்காது. பிராணவாயு உயிருள்ள தோலைக் கடந்து உள்ளே போக வேண்டுமானால் முதலில் ஈரத்தில் கரைய வேண்டும். மண்புழுவுக்கு மூக்கும் இல்லை, நுரையீரலும் இல்லை. உடம்புத் தோலாலேயே சுவாசிக்கிறது. மழை விட்டு வெயில் ஏறியதும் முற்றத்தில் அது சுருண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோல் காய்ந்தது, மூச்சு நின்றது. ஆக, ஈரம் இல்லாவிட்டாலும் சாவு. ஈரம் ஒட்டிக்கொண்டாலும் சாவு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு ஜந்துவும் ஒரு யுக்தி செய்துகொண்டிருக்கிறது.

நம் சமையலறை விருந்தாளியான கரப்பான் பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடம்பின் இரு பக்கங்களிலும் 10 ஜோடித் துவாரங்கள் உண்டு. அங்கிருந்து மெல்லிய குழாய்கள் உடம்பு முழுவதும் கிளை விட்டுப் போய்க் காற்றை நேரடியாக விநியோகம் செய்கின்றன. ரத்தத்துக்கு அந்த வேலை இல்லாததால்தான் கரப்பானின் ரத்தம் சிவப்பாக இருப்பதில்லை. குழாய்கள் அமுங்கி ஒட்டிக்கொள்ளாதபடி உட்புறம் சுருள் கம்பிபோன்ற வளையங்கள் தாங்கிப் பிடிக்கின்றன.

பனையேறிக் கெண்டை என்று ஒரு மீன் உண்டு. 1791-ல் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் கம்பெனி உத்தியோகஸ்தர் டால்டார்ஃப் என்பவர், இந்த மீன் பனைமரத்தில் ஏறுவதைக் கண்டதாக எழுதினார். அது லண்டன் சங்கம் ஒன்றின் ஏட்டில் 1797-ல் அச்சேறியது. பனை ஏறும் கதையை நம்பாதவர்கள் உண்டு. ஆனால் குளம் வற்றினால் அது தரையில் நகர்ந்து வேறு நீர்நிலை தேடிப் போவது உண்மை. அதன் செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பான எலும்புத் தகடுகள்மேல் ரத்தம் ஓடும் தோல் போர்த்தியிருக்கிறது. எலும்பு விறைப்பாக நிற்பதால் ஈரம் அதை ஒட்டவைக்க முடியாது. தண்ணீரிலும் அது அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். வர விடாமல் தடுத்தால் மீனாக இருந்தும் மூழ்கிச் செத்துப்போகும்!

இனி நம் கதைக்கு வருவோம். நம் நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஒரு சிறு வீட்டின் தரை அளவு வரும். உட்புறம் முழுவதும் ஈரம். கம்பியும் இல்லை, எலும்பும் இல்லை. பின் ஏன் அவை ஒட்டிப் போவதில்லை?

வெறும் தண்ணீரில் குமிழி நிற்காது. சவுக்காரம் கலந்தால் நிற்கும். நம் நுரையீரலும் சவுக்காரத்தைப்போல் வேலை செய்யும் ஒரு கொழுப்புப் பொருளைத் தானே சுரந்து காற்றறைகளுக்குப் பூசிவைக்கிறது. நுரையீரலிலிருந்து வரும் நுரை எளிதில் உடையாமல் இருப்பதைக் கவனித்து, இங்கிலாந்தில் பாட்டில் என்ற விஞ்ஞானி 1955-ல் இதை எழுதினார்.

கருப்பையில் குழந்தைக்குப் பிராணவாயு தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. நுரையீரலுக்கு அங்கே மூச்சுவிடும் வேலையில்லை. அதனால் இந்தப் பூச்சு மெதுவாகத்தான் சேர்கிறது. பெரும்பாலும் 34, 35 வாரங்களுக்குப் பிறகே போதிய அளவு ஆகிறது. அதற்குமுன் பிறக்கும் குழந்தை முதல் மூச்சை இழுக்கும். விட்டதும் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளும். மறுபடி இழுக்க முதல் மூச்சுக்குப் பட்ட பாடு முழுவதையும் பட வேண்டும். கரையில் போட்ட மீனின் நிலைதான். 1959-ல் அமெரிக்க டாக்டர் மேரி எல்லன் ஏவரி என்ற பெண்மணிதான், இப்படி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் அந்தப் பூச்சு போதாமல் இருந்ததைக் கண்டுபிடித்தார். ஆனால் மருந்து பிறக்கவில்லை. 1963 ஆகஸ்டில் ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இரண்டே நாளில் இந்த வியாதியால் இறந்தான். உலகத்தின் பணமும் அதிகாரமும் அந்தச் சிசுவுக்கு ஒரு மூச்சு வாங்கித் தர முடியவில்லை.

நியூஸிலாந்தில் லிக்கின்ஸ் என்ற டாக்டர், ஆட்டுக் குட்டிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் ஒரு வழி கண்டார். வயிற்றிலுள்ள குட்டிக்குச் செலுத்திய ஒரு மருந்து, அதன் நுரையீரலைச் சீக்கிரம் பக்குவப்படுத்தியது. அத்தகைய மருந்தைத் தாய்க்கு ஊசியாகப் போட்டால் வயிற்றிலுள்ள சிசுவுக்குப் பலிப்பதை 1972-ல் அவரும் டாக்டர் ஹோவியும் காட்டினார்கள். 1980-ல் ஜப்பானிய டாக்டர் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த பூச்சை 10 குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் வழியே செலுத்தி நல்ல பலன் கண்டார். இன்று இரண்டும் உலகெங்கும் வழக்கத்தில் உள்ள சிகிச்சைகள்.

"ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை தங்காது" என்று பாட்டிமார் சொல்வதுண்டு. அது சரியல்ல என்பது இப்போது உங்களுக்கே விளங்கும். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் மூச்சுக்குச் சேர்க்கும் சொத்து.

ஆகவே ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். மாதம் நிறையுமுன் வலி கண்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, "சூட்டு வலியாக இருக்கும், விடியட்டும்" என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். ஊசி தேவையா என்பதை டாக்டர் தீர்மானிப்பார். ஆனால் அது முழுப் பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். நீங்கள் வீட்டில் தாமதிக்கும் நேரம் அந்த ஒரு நாளிலிருந்துதான் போகிறது. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், அவள் மாமியாருக்கும் அம்மாவுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.