குடும்பப் பெட்டியும் அதன் சாவியும்

திருவேற்காடு என்றதும் நம்மவர் நாவில் முதலில் வருவது கருமாரியம்மன் திருநாமம். அவ்வூரிலேயே பழைய சிவாலயமாகிய வேதபுரீசுவரர் கோயில் இருப்பதையும், மூர்க்க நாயனார் பிறந்த ஊர் அதுவே என்பதையும் நினைப்போர் அவ்வளவு பேர் இலர். அடியார்களுக்கு அன்னமிட்டே தம் கைப்பொருள் முழுவதையும் தீர்த்துவிட்ட நாயனார், பின்பு சூதாடிப் பொருளீட்டி அத்தருமத்தை நடத்தினார் என்பது பெரிய புராணம் கூறும் சரித்திரம். சூதைப் புகழ்வது நம் நோக்கமன்று. வென்ற பொருளைத் தாம் தீண்டாமல் சமையற்காரர் வசம் விட்டு, அடியார் யாவரும் உண்டபின் கடைசிப் பந்தியில் அவர் உண்டார் என்ற பகுதிதான் நம் கருத்தைக் கவர்கிறது. பிறர்பொருட்டுப் பணத்தை ஆள்பவன் எப்படி நடக்கவேண்டும் என்னும் கேள்வி அவ்வூருக்குப் புதிதன்று.

அதே கேள்வியை அவ்வூருக்கு வடக்கே சில மைல் தூரத்திலுள்ள அம்பத்தூரை வைத்து இன்று எழுப்ப வேண்டியிருக்கிறது. 1949-இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து சைக்கிள் தொழிலை அம்பத்தூரில் நிலைநாட்டினர். பின்னர் ஆவடியில் எஃகுக் குழாய்த் தொழில் எழுந்தது. சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் ஏர் பிடித்தவர்களின் பிள்ளைகள் சங்கு ஊதும் ஓசைக்கு எழுந்து ஆலைக்கு நடந்தார்கள். அந்தத் தொழிற்சாலை யாருடையது என்று தொழிலாளியைக் கேட்டால் கம்பெனியின் பெயரைச் சொல்வான். பங்குத் தரகரைக் கேட்டால், 'ஆயிரக்கணக்கான பங்குதாரர்களுடையது. விலை கொடுத்தால் நீரும் ஒருவர்' என்பார். இரண்டும் மெய்யே. ஆயினும் அக்கம்பெனியின் பங்குதாரர்களுள் முதன்மையானது அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்னும் மற்றொரு கம்பெனி. அதன் பங்கை மார்க்கெட்டில் வாங்க முடியாது. அது குடும்பத்தாருடையது. அம்பத்தூர்ச் சைக்கிளும், நெல்லிக்குப்பத்துக் கரும்பாலையை நடத்தும் பாரி கம்பெனியும், லாரி வாங்குவோருக்குக் கடன் கொடுக்கும் சோழமண்டலம் கம்பெனியும் வேறு வேறு ஸ்தாபனங்கள். அவற்றுக்கு மேலே இருக்கும் குடும்பப் பெட்டியோ ஒன்று.

இத்தகைய பெட்டிக்கு மேல்நாட்டார் இட்ட பெயர்களுள் ஒன்று 'பேமிலி ஆபீஸ்' என்பது. அமெரிக்காவில் எண்ணெய் முதலாளி ராக்பெல்லர் 1882-இல் தம் சொந்தச் சொத்தை நிர்வகிக்க ஏற்படுத்திய காரியாலயத்தை இதற்கு முன்னோடி என்பர். அம்பாடியைக் கண்டிப்பாகச் சொல்லுமிடத்துப் பங்குகளைச் சேர்த்து வைத்தாளும் தாய்க் கம்பெனி என்றே சொல்லவேண்டும். பேமிலி ஆபீஸ் அதனினும் விரிந்தது. கணக்கர், வக்கீல், முதலீட்டு நிபுணர் ஆகியோரை ஒரு குடும்பம் தனக்கென்றே சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டு, நிலம், தங்கம், பங்கு, கடன் பத்திரம், புதுத் தொழில்கள் ஆகியவற்றில் பணத்தைப் பகிர்ந்து போடுவதும், வரிக்கணக்கு எழுதுவதும், யாருக்குப் பின் யார் என்று ஏற்பாடு செய்வதும் அதன் வேலை. பெங்களூரில் அசிம் பிரேம்ஜியின் பிரேம்ஜி இன்வெஸ்டும், நாராயண மூர்த்தியின் கேட்டமரானும் இவ்வகையின. சிங்கப்பூரில் 2020-இல் ஏறத்தாழ 400 ஆக இருந்த இத்தகைய தனிக்குடும்பக் காரியாலயங்கள் 2024 முடிவில் 2,000-ஐத் தாண்டின. அங்கே வரிச்சலுகை உண்டு என்பதைச் சொல்லாமலே வாசகர்கள் ஊகித்திருப்பர்.

பெயர்தான் இறக்குமதிச் சரக்கு. பொருள் நம்மிடம் முன்னமே இருந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் மௌல்மீனிலும் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்து நடத்திய லேவாதேவி, ஒரு குடும்பத்தின் முதலைக் கடல் கடந்து காத்து வளர்க்கும் சாஸ்திரமாகவே இருந்தது. கடைக்கு விலாசம், விலாசத்துக்கு ஏஜெண்டு, ஏஜெண்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருஷத் தவணை. அவன் எழுதி அனுப்பும் ஐந்தொகையைக் காரைக்குடியிலோ பள்ளத்தூரிலோ திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதலாளி வரி வரியாகப் படிப்பார். ஆச்சிமார் கொண்டுவந்த சீதனப் பணமும் கடையில் இடப்பட்டு, அதற்குத் தனிப் பற்றுவரவு வைத்து வட்டி ஏறிவந்தது. இதைச் சிறிது உற்றுநோக்க வேண்டும். ஸ்திரீகளின் பணத்துக்குப் பேரேட்டில் ஓர் ஏடு இருந்தது. பேரேட்டை விரித்துவைத்துப் பேசும் இடத்தில் ஸ்திரீகளுக்கு ஆசனம் இருந்ததில்லை.

அச்சாஸ்திரம் எவ்வளவு கெட்டியானதாயினும் காலத்தை வெல்லவில்லை. 1930-ஐ ஒட்டி உலகெங்கும் விலைகள் சரிந்தபோது, வட்டி கட்டமாட்டாத பர்மியக் குடியானவரின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்களுடைய நிலம், 1938-இல் நூற்றுக்கு 25 ஆயிற்று. 1942-இல் ஜப்பானியர் புகுந்தனர். 1948-இல் பர்மா சுதந்தரம் பெற்றதும் நிலங்களைத் தேசிய உடைமையாக்கச் சட்டம் பிறந்தது. உழுதவன் நிலம் உழுதவன் தேசத்துக்குத் திரும்பியதைக் குறைகூற நமக்கு வாயில்லை. நம் தேசத்திலும் நாம் அதைத்தானே கேட்டோம்? ஆனால் ஒரு சில குடும்பத்தார் முன்கூட்டியே காற்றின் திசையறிந்து முதலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தனர். 1900-இல் மௌல்மீனில் தொழில் தொடங்கியதாகத் தங்கள் சரித்திரத்தைக் கணக்கிடும் முருகப்பா குடும்பத்தார் அவர்களுள் முக்கியமானவர். வட்டிப் பணம் இயந்திரமாக மாறியது அப்படித்தான். அதனால் தேசத்துக்கு நன்மை விளைந்தது என்பதை ஒப்புக்கொள்ளாதவன் நியாயஸ்தன் அல்லன்.

இனி நாம் சொல்லவந்த விஷயத்துக்கு வருவோம்.

அக்குடும்பத்தின் தலைவர்களுள் ஒருவராயிருந்த எம்.வி. முருகப்பன் 2017-இல் காலமானார். அவருக்குப் புத்திரர் இல்லை, இரண்டு புத்திரிகள். அம்பாடியில் அக்கிளைக்குரிய பங்கு நூற்றுக்கு 8-க்குச் சிறிது மேல். தம் கிளையின் சார்பில் அம்பாடியின் டைரக்டர் சபையில் ஓர் இடம் வேண்டும், இல்லையேல் தங்கள் பங்குக்கு நியாயமான விலை வேண்டும் என்று மூத்த புத்திரி வள்ளி அருணாசலம் கேட்டார். அவர் அணுப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். 2020 செப்டம்பரில் கூடிய அம்பாடியின் பொதுக்கூட்டத்தில் அவரை டைரக்டராக்கும் தீர்மானம் வாக்குக்கு வந்தது. நூற்றுக்கு 91-க்கு மேற்பட்ட வாக்குகள் எதிராக விழுந்தன. வழக்கு நடந்தது. 2023 ஆகஸ்டில் இரு தரப்பாரும் சமாதானமாயினர் என்ற அறிக்கை வெளிவந்தது.

வாக்களித்தவர்களின் மனத்தில் என்ன இருந்தது என்று நாம் அறியோம். அதை ஆராய்வது நம் வேலையுமன்று. சட்டம் கொடுத்த உரிமைப்படி வாக்களித்தார்கள். அந்தச் சட்டத்தைத்தான் நாம் ஆராய்கிறோம். பெண்களுக்குச் சொத்தில் சமபாகம் வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தது. திருவேற்காடும் அக்காலத்தில் அந்தச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததே. 1956-இல் இந்து வாரிசுச் சட்டம் வந்தது. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளையும் மகனைப் போலவே பிறப்புரிமைப் பங்காளியாக்கியது. அதிலும் முன்னரே விவாகமான பெண்களை விட்டுவிட்டது. 2005-இல் இந்தியா முழுமைக்கும் அவ்வுரிமை வந்தது. 2020 ஆகஸ்டு 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், தந்தை உயிரோடிருந்தாலும் இல்லாவிட்டாலும் மகளின் உரிமை பிறப்பினால் வந்தது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் மை உலர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அம்பாடியின் வாக்கெடுப்பு நடந்தது. தீர்ப்பு மீறப்பட்டதென்று யாரும் எண்ணவேண்டா. கூட்டுக் குடும்பச் சொத்து வேறு, கம்பெனிப் பங்கு வேறு. அவ்வேற்றுமையில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. சொத்தை நிலமாகவும் வீடாகவும் வைத்திருந்தால் மகள் பாகம் பிரித்துக் கேட்கலாம். அதையே ஒரு கம்பெனிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் அவளுக்குப் பங்குப் பத்திரம் கிடைக்கும்; அப்பத்திரத்தை வெளியே விற்கச் சந்தை இல்லை, உள்ளே பேச இடமில்லை, எவ்வளவு லாபம் பிரிப்பது என்பதையும் மற்றவர்களே முடிவு செய்வார்கள். எழுபது வருஷமாகச் சட்டசபைகள் திறந்துவிட்ட வாயிலை ஒரு கம்பெனி விதிப்புத்தகம் சத்தமின்றிச் சாத்திவிடக்கூடும் என்றால், சட்டம் செய்தவர்கள் அதைப்பற்றி யோசிக்கவேண்டாமா?

பெண் வேறு வீடு புகுவாள், முதல் சிதறிப்போகும் என்று சிலர் சொல்வர். முதல் சிதறாமல் இருப்பதற்கென்றே கம்பெனியும் டிரஸ்டும் ஏற்பட்டிருக்கின்றன. பங்கு மகள் பேரில் இருந்தாலும் மகன் பேரில் இருந்தாலும் ஆலை நின்ற இடத்தில்தான் நிற்கும். அனுபவமில்லை என்பது மற்றோர் ஆட்சேபம். அது நியாயமான ஆட்சேபமே. ஆனால் அந்த உரைகல்லை ஆண்பிள்ளைகளிடமும் காட்டவேண்டும். நம் நாட்டுத் தொழிற்குடும்பங்களில் கலாசாலையை விட்டு நேரே டைரக்டர் நாற்காலிக்கு வந்த புத்திரர்கள் எத்தனை பேர் என்று எண்ணப் புகுந்தால் இப்பத்தி போதாது.

இது ஒரு பணக்காரக் குடும்பத்தின் உள்வீட்டுச் சச்சரவு, சாமானியனுக்கு இதில் என்ன என்று கேட்போரும் உண்டு. அவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்தது. பில் ஹ்வாங் என்பவர் ஆர்க்கிகோஸ் என்ற பெயரில் தம் சொந்தப் பணத்தை ஆளும் பேமிலி ஆபீஸ் நடத்தினார். சொந்தப் பணந்தானே என்று சட்டம் அதைப் பதிவு, கணக்கு வெளியீடு முதலிய கடமைகளிலிருந்து விலக்கியிருந்தது. அவரோ பல பாங்குகளில் கடன்பட்டுச் சூதாடினார். 2021 மார்ச்சில் ஆட்டம் கலைந்தபோது கிரெடிட் ஸ்விஸ் என்னும் ஒரு பாங்குக்கு மாத்திரம் ஏற்பட்ட நஷ்டம் சுமார் 550 கோடி டாலர். 2024-இல் ஹ்வாங்குக்கு 18 வருஷச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர் ஆடியதும் சூது, திருவேற்காட்டு நாயனார் ஆடியதும் சூது. யார் பசியாற என்பதில்தான் பேதம். நம் குடும்பங்கள் ஹ்வாங்கைப் போன்றவை என்று நாம் சொல்லவில்லை. அறையின் கதவு உள்ளே இருப்பவர்களுக்கே சாத்தப்பட்டிருக்கும்போது வெளியே இருப்பவர்களுக்கு ஆபத்து எப்போது வரும் என்று தெரியாது என்கிறோம்.

ஆவடியில் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ மாதிரியான சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்று தீர்மானித்ததை நம் தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இறந்தவர் சொத்துக்கு வரி 1953-லேயே வந்திருந்தது. 1985-இல் அது ஒழிந்தது. செல்வ வரி 2015-இல் ஒழிந்தது. இன்று கோடீசுவரர் ஒருவர் காலமானால் அவருடைய சொத்து சர்க்காருக்கு ஒரு காசும் செலுத்தாமல் வாரிசுகளைச் சேரும். அப்படியிருந்தும் அவ்வரி என்றேனும் திரும்பி வரலாம் என்ற பயத்தால் குடும்பங்கள் தனி டிரஸ்டுகளை எழுதிவைக்கின்றன. எழுதட்டும். முதலாளிகள் தங்கள் செல்வத்தின் தருமகர்த்தாக்களாக இருக்கவேண்டும் என்று காந்தியடிகள் சொன்னார். தருமகர்த்தா என்ற பெயரை வக்கீல் மூலமாகவேனும் அவர்கள் ஏற்றுக்கொண்டது பற்றி மகிழ்ச்சியே. அப்பெயருக்குக் கடமைகளும் உண்டு. 1882-ஆம் வருஷத்து இந்திய டிரஸ்டுச் சட்டம், பயன்பெறுவோர் டிரஸ்டுப் பத்திரத்தையும் கணக்கையும் பார்வையிடலாம் என்று சொல்லுகிறது. ராக்பெல்லர் காரியாலயம் திறந்த அதே வருஷம் நம் நாட்டில் இந்த உரிமை ஏட்டில் ஏறியது வேடிக்கையான பொருத்தம். அதை உபயோகித்த மகளிர் எத்தனை பேர்?

பங்கு மார்க்கெட்டில் ஏறிய ஒவ்வொரு கம்பெனியும் குறைந்தது ஒரு ஸ்திரீயையேனும் டைரக்டராக வைத்திருக்கவேண்டும் என்று 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் கட்டளையிடுகிறது. அக்கம்பெனியை ஆளும் குடும்ப ஸ்தாபனம் மார்க்கெட்டுக்கு வராமல், அளவிலும் சிறியதாக இருந்துவிட்டால் அக்கட்டளை அதன் வாயிற்படியோடு நின்றுவிடுகிறது. மார்க்கெட்டில் ஏறிய கம்பெனிகளை ஆளும் ஸ்தாபனம் எதுவாயினும் அதற்கும் இவ்விதியை நீட்டவேண்டும். குறிப்பிட்ட அளவு பங்குள்ள எந்தக் கிளைக்கும், அக்கிளையில் எஞ்சியிருப்பவர் ஆணாயினும் பெண்ணாயினும், டைரக்டர் சபையில் இடம் அல்லது நியாய விலை என்ற இரண்டில் ஒன்று உரிமையாக வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். குடும்பத்தாருக்குள் செய்யும் உடன்படிக்கை கம்பெனியின் நிர்வாகத்தைப் பாதிக்குமாயின் அதை வெளியிடவேண்டும் என்று ஸெபி 2023-இல் விதித்தது. சர்க்கார் இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தால் போதும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. கம்பெனிகளின் வருஷாந்தப் பொதுக்கூட்டங்கள் பெரும்பாலும் ஆடியிலிருந்து புரட்டாசிக்குள் கூடிவிடுகின்றன. நம் வாசகர்களில் பங்கு வைத்திருப்போர் பலர் உண்டு. மேலே உள்ள குடும்ப ஸ்தாபனத்தில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பத்துப் பங்கு உள்ளவரும் எழுந்து கேட்கலாம். அக்கிராசனர் சொல்லும் பதிலை எழுதிக்கொள்ளலாம்.