பெயரற்ற பதினால்வர்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர். அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர் என்பதே அது கூறும் செய்தி. அந்தப் பதினால்வர் யாவர், எத்தெருவினர், எக்களத்தில் வீழ்ந்தனர் என்பவற்றை அக்கல் உரைக்கவில்லை. அவர்களைப் படையில் சேர்த்த பேரரசுக்குத் தொகையே போதுமானதாயிற்று.

தமிழர் மரபு இதுவன்று. தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகல், ஆநிரை கவரும் கூடலூர் ஆகோள் பூசலில் பட்ட அந்தவனின் பெயரை ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்தும் தாங்கி நிற்கிறது. வேலூருக்குத் தெற்கே, செங்கம் வட்டாரத்து நடுகற்கள் மன்னனின் ஆட்சியாண்டையும் மாண்டவன் பெயரையும் அவன் பட்ட பூசலையும் பொறித்துள்ளன. அவ்வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லோ, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் போற்றிக் காத்துள்ளது. நாய்க்கும் பெயர் பொறித்த நிலத்தில் மக்கள் பதினால்வர் வெறும் எண்ணாக எஞ்சுவது பொறுக்கத்தக்கதன்று.

இக்குறை வேலூருக்கு மட்டும் உரியதன்று. ஈராக்கின் பாஸ்ரா நினைவகத்தில் இந்தியப் படை அதிகாரிகளுக்குப் பெயர் கிடைத்தது. சிப்பாய்களுக்கு எண்ணிக்கையே கிடைத்தது. இவ்வேற்றத்தாழ்வுக்காகக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் மன்னிப்புக் கோரியது. பிரான்சின் நவ் ஷாப்பல் நினைவகமோ 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்களைத் தாங்கியுள்ளது. மனம் இருந்த இடத்தில் பெயரும் இருந்தது.

அயலார் ஆட்சிக்காகப் போரிட்டவர்க்கு நாம் ஏன் நினைவுச்சின்னம் பேணவேண்டும் என்று சிலர் வினவலாம். 1806 ஜூலை 10ஆம் நாள் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து மடிந்த வீரர்க்கு மக்கான் சந்திப்பில் தூண் எழுப்பிய நகரம் இது. அவர்களும் கும்பினிச் சம்பளம் பெற்றவர்களே. எதிர்த்து மடிந்தவரும் ஏவப்பட்டு மடிந்தவரும் நம் குடிமக்களே. நினைவுச்சின்னம் ஆட்சிக்குச் செலுத்தும் வணக்கமன்று. இழந்த உயிருக்கு ஊர் செலுத்தும் கடன்.

அக்கடன் ஆண்டுக்கொரு நாள் மலர்வளையம் வைப்பதால் தீராது. மணிக்கூண்டுக்குச் சுண்ணாம்பு பூசுவது மட்டும் பராமரிப்பாகாது. எழுத்தை மறைக்கும் பூச்சு அழிவுக்கே துணைபோகும். கல்வெட்டறிந்தோர் மேற்பார்வையில் தூய்மைப்பணி நடைபெறவேண்டும். சுவரொட்டிகளும் விளம்பரப் பலகைகளும் சின்னத்தை அணுகாதவாறு காக்கவேண்டும். பொறுப்பாளர் இன்னார் என்பது எழுத்தில் வரையறுக்கப்படவேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது பெயர் தேடும் பணி. போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளில் மாண்டவர் பலரின் படைப்பிரிவும் ஊரும் காணப்படுகின்றன. வீடுதோறும் படைவீரரைக் கொண்ட ஊரெனப் புகழ்பெற்ற கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் குடும்ப நினைவுகளும் பழைய பதக்கங்களும் கிடைக்கக்கூடும். முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் கல்லூரி வரலாற்றுத் துறைகளும் கைகோத்தால் இப்பணி இயலும். மாநகராட்சி தன் அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே இதற்கெனத் தனிநிதி ஒதுக்குக. கிடைக்கும் பெயர்களைப் புதிய கல்லில் தமிழில் பொறித்து நாட்டுக.