செண்பகனூருக்குப் புறப்படுமுன்

திருப்பாலைக்குடி போன்ற சேதுநாட்டுக் கரையூர்களின் பழங்கதையைத் தேடுவோர், கொடைக்கானல் மலையில் 1895இல் தோன்றிய செண்பகனூர் திருஇருதயக் கல்லூரியை மறக்க முடியாது. மதுரை மறைப்பணித்தளத்தின் இயேசு சபை ஆவணங்கள் அங்கேதான் திரட்டப்பட்டன. 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு அருளானந்தர் நடமாடிய மறவர் சீமையாகிய சேதுநாட்டுச் செய்திகளும் அவற்றில் உண்டு. ஆவணக் காப்பாளருக்கு முன்பே எழுதி அனுமதி பெறுவதும், வேண்டிய ஆவணக் கட்டு இப்போது எங்கே உள்ளது என்று கேட்பதும் முதல் வேலை. அடுத்தது மொழி. பழைய கடிதங்களுக்குப் போர்த்துக்கீசியமும் இலத்தீனும் வேண்டும், 19ஆம் நூற்றாண்டுக்குப் பிரெஞ்சு. இம்மொழிகள் தெரிந்த துணையின்றிப் போவது வீண் அலைச்சல். ஊர்ப்பெயர்களோ அயலார் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. அதனால் பக்கத்து ஊர்ப் பெயர்களையும் பட்டியலிட்டுக்கொள்வது அவசியம். கடற்கரை மக்கள் அட்டவணையில் தலைப்பாக நிற்பது அரிது. கடிதத்தின் நடுவே ஓரிரு வரியாகவே வருவார்கள். அந்த வரிகளுக்காக ஒரு வாரமாவது ஒதுக்க வேண்டும்.