தாயின் கையில் இருக்க வேண்டிய குறிப்பு

மூன்று வயதுக் குழந்தைக்குத் தொப்புள் பிதுங்கியிருக்கிறது. குடலிறக்கம்தான், சின்ன ஆபரேஷன் என்று நாள் குறித்துவிடுகிறார்கள். ஓயாத சளி, இரவுக் குறட்டை, பெரிய நாக்கு, விறைத்த கழுத்து ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்த்த மருத்துவர்கள் உண்டு. சேர்த்துப் பார்த்தவர் இல்லை. ஹர்லர் நோய் இப்படித்தான் பல நேரம் பெயர் தெரியாமலேயே அறுவை அரங்கு வரை வந்துவிடுகிறது.

உடலின் சிக்கலான சர்க்கரைச் சேர்மங்களை உடைக்கும் நொதி பிறவியிலேயே இல்லாததால், அவை நாக்கிலும் டான்சிலிலும் குரல்வளையிலும் மூச்சுக்குழாய்ச் சுவரிலும் படிந்துகொண்டே போகின்றன. மயக்க மருந்து ஏறியதும் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து மூச்சு வழியை அடைக்கிறது. சிறு குழந்தையின் உடல், எடைக்கு எடை பார்த்தால், பெரியவர்களைவிடச் சுமார் இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கும், கையிருப்போ குறைவு. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைக் காட்டி மானிட்டரின் ‘பீப்’ ஒலி சுருதி இறங்கத் தொடங்கிவிட்டால், யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. இதே வகையைச் சேர்ந்த மார்க்கியோ நோயில் இன்னொரு ஆபத்தும் உண்டு: கழுத்தின் மேல் எலும்புகள் உறுதியற்றவை. தலையை அசைப்பதிலேயே தண்டுவடம் நசுங்கக்கூடும்.

கருவிகள் இல்லாமல் இல்லை. வளையும் எண்டோஸ்கோப்பைக் கொண்டு மூச்சுக்குழாயில் குழல் செலுத்தலாம் என்று லண்டனில் மயக்க மருத்துவர் பீட்டர் மர்ஃபி 1967இலேயே காட்டினார். இன்று குரல்வளையைத் திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப்பும் இருக்கிறது. ஆனாலும், குழல் செலுத்தச் சிரமமான 1,018 சம்பவங்களை 13 குழந்தைகள் மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒன்றில் சிக்கல் நேர்ந்தது. சுமார் 2 சதவீதத்தில் இதயமே நின்றது. வழக்கமான கருவியோடு இரண்டு முறைக்குமேல் முயன்றபோது ஆபத்து கூடியது. சிரமம் முன்பே தெரிந்திருந்தால், முதல் முயற்சியையே சரியான கருவியோடும் அனுபவசாலியோடும் தொடங்கலாம்.

“போன தடவை ஒண்ணும் ஆகலையே” என்று பெற்றோர் சொல்வதை மட்டும் நம்பி இறங்க முடியாது. தாடை சிறுத்துப் பிறக்கும் பியர் ராபின் குழந்தைக்கு வளர வளரக் குழல் செலுத்துவது பெரும்பாலும் எளிதாகும். ஆனால் ஹர்லர் குழந்தைக்கும், முக எலும்புகள் குறைவளர்ச்சியோடு பிறக்கும் ட்ரீச்சர் காலின்ஸ் குழந்தைக்கும் அது கடினமாகும். இதையெல்லாம் சொல்ல வேண்டிய டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் ‘பொது மயக்கத்தில் அறுவை செய்யப்பட்டது’ என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது.

பிரிட்டனில் குழல் செலுத்தச் சிரமமான நோயாளிகளுக்கென எச்சரிக்கை அட்டை உண்டு. அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையின் கீழ் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி தரும் இந்தியா, அச்சிட்ட ஓர் அட்டையைத் தர முடியாதா? நோய் உறுதியான அன்றே சிறப்பு மையங்கள் அதைப் பெற்றோரிடம் கொடுக்க வேண்டும். எந்தக் கருவி, எந்த அளவுக் குழல், எத்தனையாவது முயற்சி, என்ன தேதி என்பதை ஒவ்வொரு மயக்கத்துக்குப் பின்னும் மருத்துவர் அதில் எழுத வேண்டும். நள்ளிரவில் வேறு ஊர் மருத்துவமனைக்கு ஓடும் தாய் உடனே எடுத்து நீட்ட, நோயின் பெயர் தமிழிலும் அதில் இருக்க வேண்டும்.