கணக்கு சாப்ட்வேர் வேண்டாம், ஸ்ப்ரெட்ஷீட் போதும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது: "பிள்ளையின் கணக்குப் பாடத்திற்கு எந்த சாப்ட்வேர் வாங்கலாம்?" எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். அதிலுள்ள கால்க் என்னும் ஸ்ப்ரெட்ஷீட்டே போதும்.

தமிழக அரசுப் பாடத்திட்டத்தில் நேர் விகிதம் ஏழாம் வகுப்பில் வருகிறது. நேர்கோட்டின் சாய்வு பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. உண்மையில் இரண்டும் நெருங்கிய உறவு. நேர் விகிதத்தில் மாறாமல் நிற்கும் எண் எதுவோ, அதுவே கோட்டின் சாய்வு. இதைக் கண்ணால் பார்க்காத பிள்ளை முன்னதைக் குறுக்குப் பெருக்கல் என்றும், பின்னதை ஒரு சூத்திரம் என்றும் மனப்பாடம் செய்துவிடுகிறது.

சிதம்பரம் அருகே உள்ள கிள்ளையில் இறால் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கிலோ 300 ரூபாய். முதல் நெட்டு வரிசையில் 0 முதல் 5 வரை கிலோவை டைப் செய்யுங்கள். அடுத்த வரிசையின் முதல் செல்லில் சமக்குறி போட்டு, இடப்பக்க செல்லைக் கிளிக் செய்து, *300 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா விலையும் வந்துவிடும். மூன்றாவது வரிசையில் இதையே 400 ரூபாய்க்குச் செய்யுங்கள். அப்போது முதல் வரிசை செல்லைக் கிளிக் செய்ய மறக்காதீர்கள். பின் மூன்று வரிசைகளையும் செலக்ட் செய்து, இன்ஸர்ட் மெனுவில் சார்ட் சென்று, எக்ஸ்ஒய் ஸ்கேட்டர் வகையில் கோடு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கோடுகளும் பூஜ்ஜியத்தில் புறப்படும். 400 ரூபாய்க் கோடு அதிகச் செங்குத்தாக ஏறும். ஒரு கிலோ கூடினால் எத்தனை ரூபாய் கூடுகிறது? அதுதான் சாய்வு.

அடுத்தது ஆட்டோ. சென்னையில் 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இதன்படி 2 கிலோமீட்டருக்கு 27.40, மூன்றுக்கு 39.40, நான்குக்கு 51.40. குறுக்குப் பெருக்கல் மட்டும் தெரிந்த பிள்ளை, 2-க்கு 27.40 என்றால் 4-க்கு 54.80 என்று சொல்லும். மூன்று ரூபாய் நாற்பது காசு பிசகிவிட்டது! இந்தக் கட்டணங்களுக்கும் சார்ட் போடுங்கள். நேர்கோடுதான், சாய்வு 12. ஆனால் பின்னோக்கி நீட்டினால் பூஜ்ஜியத்தைத் தொடாமல் 3.40-ல் போய் நிற்கும். எனவே இது நேர் விகிதம் அல்ல. நேர்கோடு எல்லாம் நேர் விகிதம் ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சூத்திரமும் சொல்லாது.

"பரீட்சையில் கம்ப்யூட்டர் கிடையாதே, கிராப் தாளில் போட்டால் ஆகாதா?" என்று கேட்கலாம். தாளில் கட்டாயம் போட வேண்டும். ஆனால் விலையை மாற்றியதும் கோடு சாய்வதைத் தாள் காட்டாது. பத்து விலைகளைப் போட்டுப் பார்க்கப் பிள்ளைக்குப் பொறுமையும் இருக்காது. கால்க்கில் சாய்வைக் கண்டுபிடிக்க ஸ்லோப் என்ற பார்முலாவே இருக்கிறது. அதை முதலில் காட்டிவிடாதீர்கள். கண்ணும் கையும் பழகிய பிறகு போதும்.

மதிப்பெண்ணுக்கு அப்பாலும் இதற்குத் தேவை உண்டு. கிள்ளையை ஒட்டிய பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில், முன்பு மரம் வெட்டப்பட்ட இடங்களில் தரை தொட்டிபோல் தாழ்ந்தது. உள்ளே வந்த கடல்நீர் வடியாமல் தேங்கி, உப்பேறி, மரம் முளைக்காமல் போனது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி நீர் வந்து போக வழி செய்த பின்பே அங்கே மீண்டும் கன்றுகள் வளர்ந்தன. எத்தனை அடி தூரத்திற்கு எத்தனை அங்குலம் இறக்கம் என்ற கணக்கு தெரியாமல் வாய்க்கால் வெட்டவோ, வீட்டுத் தளம் போடவோ முடியாது.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை கேம்ஸை மூடிவிட்டு, உங்கள் வீட்டுக் காய்கறி விலையை வைத்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள். மவுஸ் மட்டும் பிள்ளையின் கையில் இருக்கட்டும்.