பழி வம்சத்துக்கு மட்டுமா?

"பந்தயக் குதிரைக் குட்டிகளுக்கு மூட்டு கெடுவது பரம்பரைக் கோளாறு, வளர்த்தவர் என்ன செய்வார்?" என்கிறார், கிண்டி ரேஸை விடாமல் பார்த்துவந்த தாம்பரத்து நண்பர். பாதி உண்மையைக் காட்டி முழுப் பொறுப்பையும் கழற்றிவிடுகிற வாதம் இது.

அவர் சொல்லும் மூட்டு நோய், ஆஸ்டியோகாண்ட்ரோசிஸ், வம்சத்தில் வரும்தான். நார்வே டிராட்டர் குதிரைகளின் பின்னங்கால் நடுமூட்டில் அது தெளிவாகவே தெரிந்தது. ஆனால் குட்டி கொண்டுவருவது நோயை அல்ல, நோய்க்கான வாய்ப்பை. வளரும் குருத்தெலும்புக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய் அறுபட்டால், அந்த இடம் எலும்பாக மாறாமல் நலிகிறது. பிறகு ஓட்டத்தின் பாரம் விழ, துண்டு பெயர்கிறது. இந்த நோய் கண்ட குட்டிகளுக்குத் தானியம் தின்றபின் ரத்தத்தில் சர்க்கரையும் இன்சுலினும் மற்றவற்றைவிட அதிகம் ஏறியதை அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒரே வாளி ஓட்ஸ், இரண்டு உடல்களில் இரண்டு விதம். அந்த வாளியை நிரப்புவது மரபணுவா?

ஏலத்தில் கொழுகொழுவென்று நிற்கத்தான் தானியத்தைக் கொட்டுகிறார்கள். இரண்டு வயதிலேயே பந்தயத்தில் இறக்குவதும் மனிதன் வைத்த வழக்கம். சரி, வம்சம்தான் குற்றவாளி என்றே வைத்துக்கொள்வோம்: அப்படியானால் பொலிகுதிரையின் மூட்டை எக்ஸ்ரே பார்த்த பிறகல்லவா இனவிருத்திக்கு விட வேண்டும்?

1777 முதல் பந்தயம் கண்ட கிண்டி மைதானத்தை 2024 செப்டம்பரில் அரசு எடுத்துக்கொண்டது. இனி வேறு ஊர்ப் பந்தயங்களுக்காகக் குட்டி வாங்கப் போகிறவர்களே, வம்சாவளிச் சான்றிதழோடு தீவனக் கணக்கையும் எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்குங்கள்.