ஓடியவர், ஓட வைத்தார்!

கால்பந்து என்றதும் கோல் அடித்தவர் பெயரைக் கேட்கிறோம். பந்தைக் கொண்டுவந்து அவர் காலடியில் சேர்த்தவர் யார் என்று கேட்பவர் சிலரே. அந்தக் கேள்விக்கு விடையாக நிற்கும் ஒரு கிரேக்க வீரரைப் பற்றி எழுத விழைகிறேன். அவர் யோர்கோஸ் டோனிஸ்.

1996 ஏப்ரல். ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியின் முதல் ஆட்டம். முந்தைய ஆண்டு வாகை சூடிய அயாக்ஸை அதன் சொந்த ஊரான ஆம்ஸ்டர்டாமிலேயே எதிர்த்தது ஏதென்ஸின் பனாதினைகோஸ். ஆட்டம் முடியும் தறுவாயில் நடுக்கள வீரர் டோனிஸ் பந்துடன் புயலெனப் பாய்ந்தார், பந்தைத் தந்தார். போலந்து நாட்டு வார்சிகா கோல் அடித்தார். 1-0! ஏதென்ஸில் நடந்த மறு ஆட்டத்தில் 0-3 எனத் தோற்றது வேறு கதை.

அதே ஆண்டு இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் அவரை அழைத்துக்கொண்டது. ஆனால் ஒரு பருவத்துக்கு மேல் அங்கே அவர் நிலைக்கவில்லை. தாயகம் திரும்பினார்.

ஆடி ஓய்ந்தபின் பயிற்சியாளரானார். அவர் பொறுப்பேற்ற லாரிசா, தலைநகரின் பணபலம் இல்லாத தெசலிச் சமவெளி நகரத்துக் கழகம். 2005இல் அதை முதல் பிரிவுக்கு உயர்த்தினார். 2007இல் கிரேக்கக் கோப்பை இறுதியாட்டத்தில் அவருடைய பழைய பனாதினைகோஸையே லாரிசா 2-1 என்று வென்றது. அதே ஆண்டு யூஇஎஃப்ஏ கோப்பையில் எதிரே வந்தது பிளாக்பர்ன்! லாரிசா தன் நாட்டில் 2-0 என வென்றது. இங்கிலாந்தில் 1-2 எனத் தோற்றது. மொத்தத்தில் 3-2 என முன்னேறியது.

பெரிய கழகங்களில் அவர் நீடிக்கவில்லையே என்பார்கள். உண்மைதான். 2008இல் ஏஇகே கழகத்தில் சில மாதங்களே இருந்தார். ஆயினும் 2014இல் சைப்ரஸில் அபோயலுக்கு லீக் பட்டம், 2015இல் சவூதியில் அல் ஹிலாலுக்கு மன்னர் கோப்பை எனத் தேடித் தந்தாரே!

பிறர் கோல் அடிக்க ஓடிய கால்களுக்கு, பிறரை ஓட வைக்கும் கலை எளிதில் கைவரும் என்றே நான் கருதுகிறேன். நட்சத்திர வீரர் தன்னைப்போல் ஆடச் சொல்வார். துணை நின்றவரோ ஒவ்வொருவரும் எதற்கு ஏற்றவர் என்று பார்ப்பார்.

நண்பர்களே, நம் விடுதி அணிக்கும், ஏன், நம் சங்கத்துக்கும் தலைவரைத் தேடும்போது கைதட்டல் வாங்கியவரை மட்டும் பார்க்காதீர்கள். பந்தைக் கொண்டுவந்து தந்தவர் யார் என்றும் கேளுங்கள்!